கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு எந்த பவுடர்? தவறைக் காட்டிக்கொடுப்பது எது, மறைப்பது எது

அமெரிக்காவில் தோட்டாவைத் தாமே கெட்டிக்க (காலி உறையில் பவுடரும் குண்டும் புதிதாக வைக்க) தொடங்குபவர்கள் பிரஸ் (அழுத்திப் பொருத்தும் கைப்பிடிக் கருவி), டை (அதில் மாட்டும் அச்சு), தராசு எல்லாம் வாங்கி முடித்தபின் திகைத்து நிற்கும் இடம் பவுடர், அதாவது குண்டைத் தள்ளும் வெடிமருந்து, இருக்கும் அலமாரி. 9 மி.மீ. தோட்டாவுக்கான அட்டவணையைத் திறந்தால் ஒரே எடைக் குண்டுக்குப் பத்துப் பதினைந்து பவுடர்களின் பெயர் இருக்கும். அத்தனையும் சோதித்துப் பார்க்கப்பட்டவை, அத்தனையும் சுடும். பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

வேகம், சுத்தம், விலை என்ற மூன்றைத்தான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். புதியவருக்கு அவை மூன்றும் பின்வரிசைக் கேள்விகள். உறைக்குள் பவுடர் தவறுதலாக இரண்டு முறை விழுந்தால் கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதே முதல் கேள்வி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

முன்னதாக இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கெட்டிக்கக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்று செய்தால் உரிமம் வேண்டும். ஆனால் எச்-1பி போன்ற குடியேறா விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் மாறும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இந்தக் கட்டுரை அமெரிக்க நிலவரத்துக்கு மட்டும்.

இரண்டு, எத்தனை கிரெயின் (பவுடரை எடைபோடும் அலகு) போடுவது என்பது இங்கே இருக்காது. அதைப் பவுடர் நிறுவனமும் குண்டு நிறுவனமும் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இரண்டு அட்டவணையும் வேறு எண் சொன்னால் குறைந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். சோதித்த துப்பாக்கியின் குழல், குண்டின் வடிவம், தோட்டாவின் மொத்த நீளம் ஆகியவை வேறுபடுவதால்தான் எண்களும் வேறுபடுகின்றன; இரண்டில் ஒன்று பொய் என்று பொருளில்லை.

## கடையிலேயே ஒதுக்க வேண்டியவை

கரிமருந்தும் (பழைய காலத்து வெடிமருந்து) புகையில்லா பவுடரும் (இங்கே பேசுபவை எல்லாம் இந்த வகை) ஒன்றுக்கொன்று மாற்று அல்ல; எந்த அளவிலும் அல்ல. ரைஃபிள் பவுடர்களையும் விட்டுவிடுங்கள். கைத்துப்பாக்கியின் குட்டையான குழலில் அவை முழுதாக எரிவதில்லை.

அடுத்த பொறி பெயர்க் குழப்பம். ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் டைட்குரூப் கைத்துப்பாக்கிக்கு, டைட்வாட் ஷாட்கன்னுக்கு. அலையண்ட் நிறுவனத்தின் ரெட் டாட், கிரீன் டாட், புளூ டாட் மூன்றும் மூன்று வேறு எரிவேகம். அக்யூரேட் வரிசையில் 5, 7, 9 என எண் மட்டுமே மாறும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: ஹாட்ஜ்டன் எச்பி-38ம் வின்செஸ்டர் 231ம் ஒரே பவுடர், எச்-110ம் வின்செஸ்டர் 296ம் ஒரே பவுடர். இந்த இரு ஜோடிகளைத் தெரிந்துவைத்திருந்தால் ஒன்று கிடைக்காதபோது மற்றதைத் தைரியமாக வாங்கலாம். பெயர் நெருக்கமாக இருக்கிறது என்பதற்காக வேறு எந்த ஜோடியையும் அப்படி ஊகிக்கக் கூடாது.

எரிவேகப் பட்டியலைப் பார்த்து "இதற்கு அடுத்த வரிசையில் இருக்கிறதே, அதே அளவு போடலாம்" என்று முடிவு செய்வதும் ஆபத்து. அந்தப் பட்டியல் வரிசையை மட்டும் சொல்கிறது. அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அதில் இல்லை.

## எடைபோடும் அளவுகோல்கள்

உறையை நிரப்பும் அளவு. கிரெயின் என்பது 0.0648 கிராம்; 7000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரே எடையில் சில பவுடர் பஞ்சுபோல இடத்தை அடைக்கும், சில மணல்போல அடியில் படுத்துவிடும். இதைக் கடை அட்டையில் எழுதியிருக்க மாட்டார்கள். நீங்களே பார்க்கலாம்: சுட்டுமுடித்த, பழைய பிரைமர் (உறையின் அடியில் இருந்து பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) இன்னும் பொருந்தியிருக்கிற ஓர் உறையை எடுங்கள். பிரைமரை அகற்றிய உறை வேண்டாம். அடித்துளை வழியாகப் பவுடர் கொட்டிவிடும். அட்டவணை சொல்லும் தொடக்க அளவை ஒருமுறை விட்டு மட்டத்தைப் பாருங்கள். இன்னொரு முறை அதே அளவு விடுங்கள். விளிம்பு தாண்டி வழிந்தால் நல்லது. வழியாமல், குண்டு உட்காரவும் இடம் மிச்சமிருந்தால், அந்த பவுடர் உங்கள் தவறை மூடிமறைக்கும் ரகம்.

எரிவேகம். வேகமாக எரிவதில் சிறிதளவே போதும், அழுத்தம் சீக்கிரம் உச்சிக்கு ஏறும், மென்மையான இலக்குச் சுடுதலுக்கு ஏற்றது. மெதுவாக எரிவதில் அதிக அளவு வேண்டும், குண்டுக்கு வேகம் கூடும், வெடிச்சத்தமும் தீப்பிழம்பும் கூடும்.

மெஷரில் (பவுடரை அளந்து உறைக்குள் விடும் கருவி) சீராக விழுவது. உருண்டை வடிவ பவுடர் 0.1 கிரெயினுக்குள் மாறாமல் விழும். பெரிய தகடு வடிவம் மெஷரின் வாயில் அடைத்துக்கொண்டு ஒருமுறை குறைவாகவும் மறுமுறை கூடுதலாகவும் விழும்.

தவறுக்கான இடைவெளி. தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது? 3.5 கிரெயின் போடும் இடத்தில் 0.3 கிரெயின் தவறு என்பது 9 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 7 கிரெயின் போடும் இடத்தில் அதே தவறு அதில் பாதி. அடர்த்தியான வேக பவுடரில் தராசின் சிறு கோளாறுகூடப் பெரிதாகிவிடுவது இதனால்தான்.

சூடு, புகை. நீங்கள் வாங்கும் குண்டு செம்பு உறையிட்டதா, வெறும் ஈயமா, பாலிமர் பூசியதா என்பதைப் பொறுத்து இதன் முக்கியத்துவம் மாறும்.

விலையைக் கடைசியில் வைத்ததற்குக் கணக்கு இருக்கிறது. பவுண்டு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டாவுக்கு 4 கிரெயின் போனால் ஒரு பவுண்டில் 1750 தோட்டா, ஒன்றுக்கு 2.3 சென்ட். 6 கிரெயின் போனால் 1166 தோட்டா, ஒன்றுக்கு 3.4 சென்ட். ஆயிரம் தோட்டாவுக்கு வித்தியாசம் சுமார் 11 டாலர். குண்டும் பிரைமரும் தின்னும் பணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல. "கொஞ்சம் போட்டாலே போதும், மலிவு" என்று விற்கப்படும் பவுடர் மிச்சப்படுத்துவது இந்த 11 டாலரைத்தான்; அதற்கு ஈடாக எடுத்துக்கொள்வது கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் வாய்ப்பை.

## டைட்குரூப்

கடையில் எளிதாகக் கிடைப்பதும், புதியவர்களுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் இதுதான். மெஷரில் நீர்போல ஓடும். உறைக்குள் பவுடர் முன்பக்கம் கிடந்தாலும் பின்பக்கம் கிடந்தாலும் வேகம் அதிகம் மாறாது என்பது இதன் விற்பனைக் கூற்று. பெரிய உறைகளில் அது நல்ல குணம்தான்.

ஆனால் இது மிக அடர்த்தியானது. .38 ஸ்பெஷல் எனும் ரிவால்வர் தோட்டாவின் உறையில் வழக்கமான அளவை விட்டுப் பார்த்தால் அடியில் ஒரு சிறு திட்டுப்போலத்தான் தெரியும். இரட்டை மட்டுமல்ல, மூன்று முறை விழுந்தாலும் மேலே குண்டு சத்தமின்றி உட்கார்ந்துவிடும். 9 மி.மீ. உறையில் இரட்டை அளவு கிட்டத்தட்ட விளிம்புவரை வரும். பார்த்தால் தெரியும், பார்க்காவிட்டால் தப்பிவிடும். மேலும் சூடாக எரியும். வேகமாகச் சுட்டால் துப்பாக்கி சீக்கிரம் சூடேறிவிடும். அடிப்பாகம் திறந்த ஈயக் குண்டிலும் பூச்சுக் குண்டிலும் புகை கிளம்பும்.

யாருக்குச் சரி: உறைத்தட்டு தானாகச் சுழலும் பிரஸ், அதில் பவுடர் மட்டத்தைச் சோதிக்கும் டை, செம்பு உறையிட்ட குண்டு ஆகிய மூன்றும் இருப்பவருக்கு. முதல் ஜாடியாக இதை வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

## எச்பி-38 / வின்செஸ்டர் 231

அட்டவணைகளில் இதற்குக் கிடைக்கும் அளவு தகவல் வேறெதற்கும் எளிதில் கிடைக்காது. .38 ஸ்பெஷல், 9 மி.மீ., .45 ஏசிபி என்று மூன்று தோட்டா ரகங்களிலும் நடுத்தர ஆற்றலுக்கு இதற்கு அளவு உண்டு. தட்டையாக்கிய உருண்டை வடிவம். மெஷரில் சீராக விழும். டைட்குரூப்பைவிட மெதுவாகவும், யூனிக்கைவிட வேகமாகவும் எரியும்.

9 மி.மீ. உறையில் உச்ச அளவுக்கு அருகே இரட்டையாக விழுந்தால் வழிந்துவிடும். .38லும் .45லும் அப்படி வழியாது. அதை மறக்கக் கூடாது. குறைந்த அழுத்தத்தில் கொஞ்சம் கரி தங்கும், துடைத்தால் போகும்.

ஒரே ஒரு ஜாடிதான் வாங்க முடியும், வைத்திருக்கும் துப்பாக்கிகளோ இரண்டு மூன்று ரகம் என்றால், விடை இதுதான்.

## யூனிக்

1900ஐ ஒட்டிய காலத்திலிருந்து அமெரிக்கர்கள் பயன்படுத்திவரும் தகடு வடிவ பவுடர். இதன் முக்கியப் பலம் பருமன். 9 மி.மீ.யில் இரட்டை அளவு உறுதியாக வெளியே வழியும். .45 ஏசிபியில் உறை ஏறக்குறைய நிரம்பிவிடும். 230 கிரெயின் குண்டை அழுத்தும்போதே கைப்பிடியில் தடை தெரியும். .38 ஸ்பெஷலில்கூட உறை மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருப்பது விளக்கைக் காட்டினால் பளிச்சென்று தெரியும்.

பலவீனம் மெஷரில். பெரிய தகடுகள் அடைத்துக்கொள்வதால் அளவு 0.2 கிரெயினோ அதற்கு மேலோ தள்ளாடலாம். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே விசையில், ஒரே தாளத்தில் இயக்க வேண்டும். தொட்டியில் பவுடர் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. பத்துக்கு ஒன்றைத் தராசில் வைக்க வேண்டும். இந்தத் தள்ளாட்டம் இருப்பதாலேயே உச்ச அளவுக்குப் பக்கத்தில் யூனிக்கைக் கொண்டுபோகக் கூடாது. நடு அளவில் நிறுத்தினால் 0.2 கிரெயின் மாறினாலும் கவலையில்லை. மென்மையான அளவுகளில் புகையும் எரியாத துகளும் வரும் என்று குறைசொல்வார்கள். உண்மைதான், அதற்கு மருந்து துணியும் எண்ணெயும்.

பவுடரைத் தனித்தனியாக விட்டுச் சரிபார்க்கும் ஒற்றை நிலை (ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும்) பிரஸ்காரருக்கு இதைவிடப் பாதுகாப்பான முதல் ஜாடி குறைவு.

## புல்ஸ்ஐ

இலக்குப் போட்டிக்காரர்களின் நூற்றாண்டுப் பழக்கம். மிக வேகமாக எரியும், மிகச் சிறிதளவே போகும், துல்லியம் பிரமாதம். .38 ஸ்பெஷலில் தட்டை முனை ஈயக் குண்டோடு இதைப் போடுபவர்கள் இன்றும் உண்டு. டைட்குரூப்பில் சொன்ன இரட்டை அளவு ஆபத்து .38இல் இதற்கும் அப்படியே பொருந்தும். அனுபவம் வந்தபின் பார்க்கலாம்.

## விதாவூரி என்-320

பின்லாந்தில் தயாராகும் இது நைட்ரோகிளிசரின் சேர்க்காத ஒற்றை அடிப்படை பவுடர். சூடு குறைவு, புகை குறைவு, பின்னுதைப்பு மென்மை. ஆகவே போட்டிச் சுடுதல்காரர்களுக்குப் பிடித்தமானது. அவர்கள் பார்ப்பது பவர் ஃபேக்டர் எனும் எண்: குண்டின் எடையை (கிரெயினில்) வேகத்தால் (நொடிக்கு அடியில்) பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 147 கிரெயின் குண்டு 880 அடி வேகத்தில் போனால் 129 வரும். யூஎஸ்பிஎஸ்ஏ எனும் அமெரிக்கப் போட்டிச் சுடுதல் அமைப்பின் மைனர் பிரிவுக்குத் தேவையான 125ஐத் தாண்டிவிடும். கனமான குண்டு, வேக பவுடர், அடக்கமான வேகம் என்ற இந்தக் கூட்டணிக்கு என்-320 கச்சிதம். பூச்சுக் குண்டுகளோடும் ஒத்துப்போகும். உறையையும் டைட்குரூப்பைவிட நன்றாக நிரப்பும்.

மறைந்திருக்கும் செலவு: ஜாடி விலை அதிகம், எல்லாக் கடையிலும் எப்போதும் இருக்காது. தீர்ந்ததும் வேறு பவுடருக்கு மாறினால் அளவைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்குச் செலவாகும் குண்டும் பிரைமரும் ஒரு ஜாடி விலையை நெருங்கும். இதைத் தேர்ந்தெடுத்தால் ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) இரண்டு மூன்று ஜாடி வாங்கிவிடுவது நல்லது.

## சிஎஃப்இ பிஸ்டல், பவர் பிஸ்டல், எச்எஸ்-6

நடுத்தர எரிவேகக் கூட்டம். வேகம்தான் வேண்டும் என்பவர்களுக்கானது. இவற்றைக் குறைந்த அளவில் போட்டால் சரியாக எரியாமல் கரியும் துகளும் சேரும். எச்எஸ்-6 இதில் குறிப்பாகப் பிடிவாதக்காரர். பவர் பிஸ்டலின் தீப்பிழம்பு மூடிய அரங்கில் பக்கத்து வரிசைக்காரரைத் திரும்பிப் பார்க்கவைக்கும். சாதாரணப் பயிற்சித் தோட்டாவுக்கு இவை வேண்டியதில்லை.

## எச்-110 / வின்செஸ்டர் 296

முழு ஆற்றல் .357 மேக்னம், .44 மேக்னம் ரிவால்வர்களுக்கு மட்டும். மற்ற பவுடர்களில் "குறைத்துத் தொடங்கு" என்பது பாதுகாப்பு விதி. இதில் அதே விதி ஆபத்தாகிவிடும். ஹாட்ஜ்டன் வெளியிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதைவிடக் குறைத்தால் எரிதல் பாதியில் நின்று குண்டு குழலுக்குள் சிக்கக்கூடும். அட்டவணை சொல்லும் மேக்னம் பிரைமரும், உறுதியான விளிம்பு மடிப்பும் (உறையின் வாயைக் குண்டின்மேல் மடித்து இறுக்குவது) கட்டாயம். மேக்னம் உறையில் மிதமான அளவு வேண்டும் என்றால் அதற்கு அலையண்ட் 2400 போன்ற, குறைக்க இடம்தரும் பவுடரை நாடுங்கள். புளூ டாட்டைப் பற்றி 2008இல் அலையண்ட் வெளியிட்ட எச்சரிக்கையும் இங்கே பொருந்தும்: .357 மேக்னத்தில் 125 கிரெயின் குண்டோடும், .41 மேக்னத்தில் எந்தக் குண்டோடும் அதைப் போட வேண்டாம் என்றது அந்த அறிவிப்பு. பழைய அட்டவணைகளில் அந்த அளவுகள் இன்னும் அச்சில் இருக்கும்.

## ஒரே பார்வையில்

| பவுடர் | எரிவேகம் | இரட்டை அளவு கண்ணில் படுமா | மெஷரில் | சூடு, புகை | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|---|
| புல்ஸ்ஐ | மிக வேகம் | .38இல் எளிதில் மறையும் | நன்று | நடுத்தரம் | இலக்குப் போட்டி |
| டைட்குரூப் | வேகம் | .38, .45இல் மறையும், 9 மி.மீ.யில் விளிம்பருகே நிற்கும் | மிக நன்று | அதிக சூடு | சோதனை டை உள்ள பிரஸ் |
| என்-320 | வேகம் | டைட்குரூப்பைவிட மேல் | நன்று | குறைவு | போட்டி, பூச்சுக் குண்டு |
| எச்பி-38 / 231 | வேகம் முதல் நடுத்தரம் | 9 மி.மீ. உச்ச அளவில் வழியும். மற்றவற்றில் இல்லை | மிக நன்று | நடுத்தரம் | பல ரகத் துப்பாக்கிக்கு ஒரே ஜாடி |
| யூனிக் | நடுத்தரம் | மூன்று தோட்டா ரகத்திலும் தெரியும் | தள்ளாடும் | கரி, துகள் | ஒற்றை நிலை பிரஸ், புதியவர் |
| எச்-110 / 296 | மெதுவு | உறையே ஏறக்குறைய நிரம்பும் | மிக நன்று | பெரும் தீப்பிழம்பு | முழு மேக்னம் மட்டும் |

## தோட்டா ரகத்தை வைத்து முடிவு

.38 ஸ்பெஷல். அதிகக் கவனம் கேட்பது இதுதான். 1898இல் கரிமருந்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட நீண்ட உறை. இன்றைய பவுடரில் அதன் அடிப்பாகம் மட்டுமே நிரம்பும். இதன் அழுத்த உச்சவரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தான். பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிக்கும் வழக்கம் இங்கே பயனற்றது: வரம்பைவிட இரு மடங்கு ஏறினாலும் பிரைமர் எதுவும் காட்டாமல் இருக்கக்கூடும், ஏனென்றால் 35,000 பி.எஸ்.ஐ.யில் வேலைசெய்யும் .357 மேக்னமும் அதே அளவுப் பிரைமரைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே இதற்குப் பருமனான பவுடர். முதலில் யூனிக். ஈயக் குண்டை மெதுவாகச் சுடவென்றே துளையிட்ட வளையம்போலச் செய்யப்பட்ட டிரெயில் பாஸ் கிடைத்தால் அதைவிட நிரப்புவது எதுவுமில்லை, ஆனால் கடைகளில் அதைக் காண்பது அரிது. அதைக் குண்டால் நசுக்கவும் கூடாது.

.45 ஏசிபி. வரம்பு 21,000 பி.எஸ்.ஐ. பெரிய உறை, தாழ்ந்த அழுத்தம், மன்னிக்கும் குணம். எச்பி-38, யூனிக் இரண்டில் எது கிடைக்கிறதோ அது. எச்பி-38 எடுத்தால் ஒவ்வொரு உறையையும் பார்த்த பிறகே குண்டு வைக்க வேண்டும்.

9 மி.மீ. வரம்பு 35,000 பி.எஸ்.ஐ., உறை மிகச் சிறியது. இரட்டை அளவு பெரும்பாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே உண்மையான ஆபத்து வேறு: குண்டு உள்ளே தள்ளப்படுவது. மேகசினிலிருந்து அறைக்கு ஏறும்போது குண்டின் மூக்கு சரிவுத் தளத்தில் மோதுகிறது. உறையின் பிடி தளர்வாக இருந்தால் குண்டு சற்று உள்ளே போகும். சிறிய உறை என்பதால் அந்தச் சிறு மாற்றமே அழுத்தத்தைக் கடுமையாக ஏற்றும், வேக பவுடரில் இன்னும் கூடுதலாக. கெட்டித்த தோட்டாவை மேசை விளிம்பில் கட்டைவிரலால் பலமாக அழுத்தி, முன்பின் நீளத்தைக் காலிப்பரில் அளந்து பாருங்கள். மாறியிருந்தால் விளிம்பை விரிக்கும் டையைக் குறைவாகத் தள்ளுங்கள். விளிம்பை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம்; அதிகம் இறுக்கினால் பித்தளை மீண்டெழுந்து பிடி மேலும் தளரும். பவுடர் தேர்வில் 9 மி.மீ.க்கு எச்பி-38 போதும், போட்டிக்காரருக்கு என்-320.

## பிரஸ்ஸை வைத்து முடிவு

ஒற்றை நிலை பிரஸ்ஸில் 50 துளைப் பலகையில் உறைகளை அடுக்கி, எல்லாவற்றிலும் பவுடர் விட்டு, டார்ச் அடித்து வரிசையாகப் பார்ப்பது எளிது. ஒன்று மட்டும் உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் உடனே உறுத்தும். பருமனான பவுடரின் முழுப் பலனும் இங்கேதான் கிடைக்கும். மெஷர் தள்ளாட்டமும் பெரிய குறையாகத் தெரியாது, ஏனென்றால் தராசு பக்கத்திலேயே இருக்கிறது.

உறைத்தட்டைக் கையால் சுழற்றும் பல நிலை பிரஸ்ஸில்தான் (டில்லன் 550 இந்த வகை) இரட்டை அளவு அதிகம் நடக்கும். கதை எப்போதும் ஒன்றுதான்: நடுவில் ஏதோ சிக்குகிறது, கைப்பிடியைத் திருப்பிவிட்டுச் சரிசெய்கிறீர்கள், தட்டைச் சுழற்ற மறந்து மறுபடி இழுக்கிறீர்கள். அதே உறையில் இரண்டாம் முறை பவுடர் விழுகிறது. இப்படிச் சிக்கல் வந்தால் தட்டிலிருக்கும் எல்லா உறைகளையும் எடுத்துப் பவுடரைத் திரும்பக் கொட்டிவிட்டுத் தொடங்குவது மட்டுமே வழி. இந்த பிரஸ்ஸில் டைட்குரூப்பும் .38ம் சேரவே கூடாது.

தானாகச் சுழலும் பிரஸ்ஸில் இரட்டை குறையும். பவுடரே விழாத காலித் தோட்டா வரும் வாய்ப்பு இருக்கும். மெஷரில் பவுடர் தீர்ந்ததைக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டே போவது காரணம். பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தும். அடுத்த தோட்டா அதன்மேல் மோதிக் குழலைப் புடைக்கவோ பிளக்கவோ செய்யும். சத்தம் மந்தமாக, உதைப்பே இல்லாமல் போனால் அடுத்ததைச் சுடாமல் துப்பாக்கியைக் காலிசெய்து குழலில் கம்பிவிட்டுப் பாருங்கள். இந்த வகை பிரஸ்ஸில் சீராக ஓடும் பவுடரும், மட்டம் தவறினால் கைப்பிடியை நிறுத்திவிடும் டையும் சேர்ந்தே வாங்க வேண்டியவை. பின்னதன் விலையைச் சேர்க்காமல் "மலிவான பவுடர்" என்று கணக்குப் போடாதீர்கள்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

இணையத்தில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் சேரும். ஒரு பவுண்டுக்கும் எட்டுப் பவுண்டுக்கும் அந்தக் கட்டணம் பெரும்பாலும் ஒன்றே என்பதால் ஒற்றை ஜாடியை இணையத்தில் வாங்குவது நட்டம். பக்கத்துக் கடையில் ஐந்து டாலர் கூடுதலாக இருந்தாலும் அதுவே மிச்சம். 2022க்குப் பின் பீரங்கிக் குண்டுகளுக்கான நைட்ரோசெல்லுலோஸ் தேவை உலகளவில் கூடியதால் சில்லறை பவுடரின் விலையும் ஏறியது, சில பெயர்கள் மாதக்கணக்கில் காணாமலும் போயின.

தராசுக்குச் சோதனை எடைக்கற்கள் வேண்டும். மின்விசிறிக் காற்றில் எலக்ட்ரானிக் தராசு 0.1, 0.2 என்று நகரும், எடைக்கல் இல்லாமல் அது தெரியாது. வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் புதிய பவுடரில் அளவை ஏற்றுவது இருட்டில் நடப்பது.

இடமும் ஒரு செலவு. அமெரிக்காவின் என்எஃப்பிஏ (தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம்) 495 விதித்தொகுப்புப்படி வீட்டில் அசல் ஜாடியில் 20 பவுண்டு வரை வைக்கலாம். அதற்கு மேல் 50 வரை என்றால் ஓர் அங்குலத் தடிமன் மரப்பெட்டி வேண்டும். உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். இரும்பு சேஃப்பிலோ காற்றுப்புகா டப்பாவிலோ பூட்டி வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். தீ பிடித்தால் உள்ளே அடைபட்ட வாயு அதை வெடிகுண்டாக்கிவிடும். ஜாடிகள் பிளாஸ்டிக்காக, எளிதில் திறக்கும்படி செய்யப்படுவது வேண்டுமென்றேதான். பிரைமர்களை வேறு இடத்தில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் மெஷரில் மிச்சமிருப்பதை அதே ஜாடிக்குத் திருப்பிக் கொட்ட வேண்டும். இரட்டை அடிப்படை (நைட்ரோகிளிசரின் சேர்ந்த) பவுடர் இரவெல்லாம் கிடந்தால் பிளாஸ்டிக் தொட்டியை மங்கவைக்கும். அதைவிட முக்கியம், மறுநாள் காலையில் தொட்டியில் இருப்பது எது என்று நினைவை நம்ப வேண்டிவரும். சிந்தியதை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாமல் துடைப்பத்தால் கூட்டியெடுங்கள்.

## நண்பர் கொடுக்கும் பாதி ஜாடி

"நான் விட்டுவிட்டேன், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது திறந்த ஜாடியை நீட்டினால் அது மேலே சொன்ன எந்தத் தேர்விலும் சேராது. உள்ளே இருப்பது லேபிளில் இருப்பதுதானா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் வழியில்லை. தகடு, உருண்டை என்ற வடிவம் மட்டும் அடையாளம் ஆகாது. ஒரே ஜாடியில் இரண்டு மிச்சத்தைக் கலந்து வைத்திருப்பவர்களும் உண்டு. முத்திரை உடையாத பழைய ஜாடி என்றால் திறந்து முகர்ந்து பாருங்கள்: நல்ல பவுடரில் ஈதர் அல்லது ஆல்கஹால் போன்ற கரைப்பான் வாசனை லேசாக வரும். மூக்கைக் குத்தும் அமில நெடியோ, மூடியில் துருபோன்ற செம்பழுப்புத் தூளோ, பழுப்பு ஆவியோ இருந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. குப்பைத் தொட்டியில் போடாமல், உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தை அழைத்து எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.